ஓவசியர் காணாத பிறை

ஓவசியர் முதன்முதலாகப் பார்த்த பறவை தலைகீழாக நின்றது.

அவரே சொன்ன கதைதான். புது வாய்க்காலுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்த காலம். முக்காலியில் ஏற்றி வைக்கும் அந்தப் பித்தளைக் குழாய்க்குள் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வயல் மேலே இருக்கும், வானம் கீழே இருக்கும், அளவுகோலைப் பிடித்து நிற்கிற ஆள் தலையால் நிற்பான். ஒரு நாள் காலை கோலின் இலக்கத்தை வாசிக்கக் குனிந்தவருக்கு, கோலுக்குப் பக்கத்து வரம்பில் ஒரு ஆக்காண்டி நிற்பது தெரிந்தது. மஞ்சள் கால்கள் மேலே, கறுத்த தொண்டை கீழே, கண்ணுக்கு முன்னால் சிவந்த தோல். அது கண் மூடித் திறந்ததைக்கூடக் கண்டாராம். கோல் பிடித்த ஆள் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார். இலக்கத்தை வாசிக்க மறந்துபோயிருந்தார்.

"பிறந்த நாள் தொட்டு அதுட சத்தத்தைக் கேட்டிருக்கன், கிளாக்கர். அண்டைக்குத்தான் அதைக் கண்டன்" என்றார் என்னிடம்.

அன்று பின்னேரமே கல்முனைக் கடைத்தெருவில் தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் ஆக்காண்டி என்று எழுதினார். எந்த வயல் வட்டை, எத்தனை மணி, எத்தனை பறவை, என்ன செய்துகொண்டு நின்றது என்பதெல்லாம் கீழே. அது அவருடைய மனைவி மௌத்தாகி ஆறாம் மாதம்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாய்க்கால், மதகு, குளக்கட்டு வேலைகளை மேற்பார்வை செய்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் ஓவசியர் என்று பெயர். கல்முனையில் இருந்த எங்கள் சின்ன நீர்ப்பாசனக் கந்தோரில் அவர் ஓவசியர், நான் கிளாக்கர். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது குறைவு.

அவர் மன்னார்ப் பக்கத்து ஆள். வேலைக்கு வந்த இடத்தில் எங்கள் ஊரில் கலியாணம் முடித்தார். எங்களிடம் வீடு பெண்ணுக்குரியது. முடித்தவன்தான் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். அவரும் போய் இருந்தார். இரண்டாம் வருடம் பிள்ளைப்பேற்றில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும் அவளுடைய தங்கையை முடித்து அதே வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பிள்ளையை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று சொன்னாராம். அடுத்த கிழமை ஒரு தகரப் பெட்டியோடு வெளிக்கிட்டு, கல்முனையில் ஒரு தையற்கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்து சேர்ந்தார். மன்னாருக்குத் திரும்பிப் போகவில்லை. போனால் உம்மா அழுவா, அதைப் பார்க்க ஏலாது என்று மட்டும் ஒரு தரம் சொன்னார்.

கந்தோர் மூடினால் எல்லாருக்கும் போவதற்கு ஒரு வீடு இருந்தது. அவருக்கு மேற்கே வயல்வெளி இருந்தது. ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி, வட்டையின் தலைப்பில் இருந்த மதகுக் கட்டில் போய் இருப்பார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு கேட்கும் வரைக்கும் அங்கேதான்.

திருகோணமலையில் யுத்தகாலச் சாமான்கள் விற்றபோது யாரோ வாங்கி வந்த தூரக்கண்ணாடி ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு குழாயில் ஒன்று பூஞ்சணம் பிடித்துப் பால் நிறமாகக் கிடந்தது. அந்தப் பக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மற்றதால்தான் பார்ப்பார். அதனால் அவருடைய இடது கன்னத்தில் எந்நேரமும் ஒரு மடிப்பு விழுந்திருக்கும். பறவை பார்க்காத நேரத்திலும் எதையோ நம்பாமல் பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கண்டால்தான் எழுதுவார்.

கேட்பதற்கு இலேசாக இருக்கும். அவரோடு திரிந்தவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். மாரி தொடங்கும் மாதங்களில் எங்கள் வளவுகளில் பொழுதுபடும் நேரம் ஆறுமணிக்குருவி கூப்பிடும். இரண்டு சீட்டி, பிறகு கொஞ்சம் மௌனம், திரும்ப இரண்டு சீட்டி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சத்தம். ஆனால் அது பற்றைக்குள் நிலத்தில் திரிகிற பறவை, கண்ணில் படாது. இரண்டு மாரி முழுக்க ஓவசியர் அதன் சத்தத்துக்குப் பின்னால் அலைந்தார். கொப்பியில் அதன் பெயர் ஏறவில்லை. சத்தம் கேட்டதே போதும், ஊரே அது ஆறுமணிக்குருவி என்று சொல்கிறதே என்று நான் சொன்னேன். சத்தம் சத்தம்தான், பறவை பறவைதான் என்றார்.

மூன்றாவது மாரியில் ஒரு காலை கந்தோரின் பழைய கடதாசி அறையைத் திறந்தபோது, மூலையில் கட்டுகளுக்கு நடுவில் ஒரு குருவி குந்திக்கொண்டிருந்தது. கட்டை வால், பச்சை முதுகு, வயிற்றடியில் செம்பருத்திச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை பூசியது போல ஒரு கறுப்புக் கோடு. இரவு திறந்து கிடந்த யன்னலால் வந்து கண்ணாடியில் மோதி விழுந்திருக்க வேண்டும். நான் போய்ச் சொன்னதும் ஓவசியர் வேலைக்கு வெளிக்கிட்டவர் அப்படியே திரும்பினார். அன்று முழுநாள் லீவு எழுதித் தந்துவிட்டு, அந்த அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்தார். ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தார். யாரையும் உள்ளே விடவில்லை. அது எங்கேயோ வடக்கே இருந்து கடல் தாண்டி வருகிறதாம், கூட்டமாக வருவதில்லையாம், இரவில் தனியே வருகிறதாம் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பிறகு அது ஒரு தரம் உடம்பை உதறிவிட்டு, யன்னலால் பறந்து முருங்கைக்குப் பின்னால் போய்விட்டது. அவர் கொப்பியைத் திறந்து எழுதிய நேரம் இருந்த அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

பெயர்களோடு அவருக்கு வேறு ஒரு பாடு. சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணிக்காரர் ஒரு பறவைக்கு ஒரு பெயர் சொல்வார்கள். வயல்காரர் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்பதையும் எழுதுவார். ஒரு சாம்பல் நிற உள்ளானுக்குத் தம்பிலுவிலில் ஒரு முதியவருக்குப் பெயர் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். அந்த மனிதர் நெடுநேரம் யோசித்துவிட்டு, தனக்கும் தெரியாது, ஆனால் வருடா வருடம் வருகிற ஆள் என்று சொன்னாராம். அதையும் அப்படியே எழுதி வைத்திருந்தார்: பெயர் தெரியாது, வருடா வருடம் வருகிறவர்.

கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, மறுபக்கமாக வேறு ஒரு பட்டியல் வைத்திருந்தார். மற்றவர்கள் கண்டவை அதில். அதில் பாதிக்கு மேல் நான் கண்டவை. ஒரு நாள் கடலேரிக் களப்போரம் போன நான் பூநாரைகள் கண்டேன் என்று வந்து சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். எத்தனை? எண்ணினீங்களா, மதிச்சீங்களா? கால் என்ன நிறம்? சொண்டு வளைஞ்சா, நேரா? எந்தப் பக்கம் பறந்தது? தெரியாததைத் தெரியாது என்று சொன்னபோது அவருக்குச் சந்தோசம். எல்லாம் முடிய, கிளாக்கர் கண்டது என்று எழுதி மை ஒற்றினார்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் எங்கள் ஊர்ப் போடியார் ஒருவரின் மருமகன். போடியார் என்றால் பெரும் வயல்காரர். பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காராகவும் இருந்தார். அவர் கட்டித் தந்த வீட்டில்தான் நானும் என் மனைவியும் இருந்தோம். அந்த வீட்டில் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லை யாரும் நின்று கேட்டதில்லை. மாமா கதைப்பார், நான் ஓம் என்பேன். ஓவசியர் ஒருவர்தான் என் வாய்ச்சொல்லை இப்படி மை ஒற்றி வைத்தார்.

தூரக்கண்ணாடியால் அவருக்கு வந்த கரைச்சலையும் சொல்ல வேண்டும். கிணற்றடிகள் எல்லாம் திறந்த வளவுகளில் இருந்தன. ஒரு பின்னேரம் தென்னந்தோட்ட ஒழுங்கையில் ஒருவன் அவரை மறித்து, எங்கட பொம்புளைகள் குளிக்கிற இடத்தில உனக்கு என்ன பார்வை என்று சட்டையைப் பிடித்தான். ஓவசியர் கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். அவன் பூஞ்சணம் பிடித்த பக்கத்தால் கனநேரம் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் கந்தோரில் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி வீட்டைத் தாண்டும் வரைக்கும் கண்ணாடியைத் துணிப்பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அடுத்த நோன்பு மாதத்தில்தான் அது நடந்தது.

இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள், காணாவிட்டால் முப்பதாம் நோன்பு. எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறையைத் தேடுகிறவர்கள் கடற்கரைக்குப் போவதில்லை, மேற்கே வயல்வெளிக்குத்தான் வர வேண்டும். அன்று ஓவசியரின் மதகுக் கட்டில் ஊரே வந்து நின்றது. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் செய்கிற கதீபு வந்திருந்தார், மாமாவும் மற்ற மரைக்கார்மாரும் வந்திருந்தார்கள். அடிவானத்தில் மேகம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஓவசியர் கட்டின் ஒரு முனையில் நின்று கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றேன்.

சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமா கையை நீட்டினார். "அந்தா" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். மேகம் மூடிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாமா தான் கண்டதாகச் சொன்னார். மேகம் விலகின இடத்தில், நகத்துண்டு மாதிரி, ஒரு கணம் என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். காண வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தார். ஆனால் பெருநாளைத் தீர்மானிக்க இரண்டு சாட்சி வேண்டும். கதீபு ஓவசியரைப் பார்த்தார்.

"ஓவசியர், நீங்க கண்ணாடியால பாத்தீங்கதானே?"

"பாத்தன். காணல்ல."

மேகத்துக்குள் இருந்திருக்கும்தானே என்று யாரோ சொன்னார்கள். இருந்திருக்கும் என்றார். போடியார் பொய் சொல்கிறாரா என்று இன்னொருவர் கேட்டார். கூட்டம் இறுகியது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் பழத்தை வாயில் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தார்கள்.

"போடியார் கண்டாரா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. நான் காணல்ல. அதைத்தான் சொல்லலாம்."

மாமா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மருமகன் பக்கத்திலதானே நிண்டவர்" என்றார்.

அவ்வளவுதான். வீட்டில் என் மனைவி நிறைமாதம். புது உடுப்புத் தைத்து வந்திருந்தது. வளவில் அறுக்கிறதற்கு ஆடு கட்டியிருந்தது. இதெல்லாம் காரணம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒரு காரணமும் மனதில் இல்லை. வாய் ஓம் என்றது.

கதீபு அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பள்ளியில் நகரா அடித்தார்கள். ஊர் முழுக்கத் தக்பீர் முழக்கம் கிளம்பியது. ஓவசியர் கண்ணாடியைத் துணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தோடு இறங்கிப் போனேன்.

மறுநாள் பெருநாள் தொழுகைக்கு அவர் வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்றார். எல்லாரும் தழுவிக்கொண்ட நேரம் என்னையும் தழுவி ஸலாம் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குள் செய்தி வந்துவிட்டது: எங்களுக்கு வடக்கேயும் தெற்கேயும் இருந்த ஊர்கள் எல்லாம் முப்பதாம் நோன்பு பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மட்டும் ஆட்டிறைச்சி தின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கு மேகம் மறைத்திருக்கும் என்று மாமா சொன்னார். எல்லாரும் ஓம் என்றார்கள்.

எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பொழுது சாய மதகுக் கட்டுக்குப் போனேன். அவர் தனியே நின்றார். அன்று வானம் கழுவிவிட்டது போல இருந்தது. சூரியன் போன இடத்துக்குச் சற்று மேலே பிறை நின்றது. ஒரு மயிர் கனம்கூட இல்லை. நேற்றே பிறந்திருந்தால் இன்றைக்கு அது தடித்து, உயர நிற்க வேண்டும். சிறுவயதிலிருந்து பிறை பார்த்து வளர்ந்தவன் நான். அது முதல் நாள் பிறை என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் தேவையில்லை.

அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "பாருங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன். கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றை எண்ணத் தொடங்கினார். எத்தனை என்று என்னிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோபம் இல்லை. கந்தோரில் முன்பு போலவே கதைப்பார். தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே, ஒலுவில் கரையில் பெரிய ஆலாப்பறவைக் கூட்டம் ஒன்று கண்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையாகவே கண்டிருந்தேன். நல்லது என்றார். கொப்பி மேசையில்தான் கிடந்தது. அவர் பேனாவைத் திறக்கவில்லை.

பெருநாள் கழித்து இரண்டாம் கிழமை, கந்தோரின் பியோன் வழமைபோலத் தேத்தண்ணி கொண்டு வந்தான். நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்குத் தெரியாமல், விட்டுப்போன அந்த ஒரு நோன்பைப் பிடித்திருந்தேன். பெருநாள் மாதத்தில் ஆறு நோன்பு பிடிக்கிற வழக்கம் எல்லாரிடமும் உண்டு. ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. ஓவசியரும் தேத்தண்ணியைத் திருப்பி அனுப்பினார்.

"ஆறு நோன்போ, கிளாக்கர்?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"எனக்குக் களா. ஒரு நோன்பு."

களா என்றால் தவறிய நோன்பைத் திரும்பப் பிடிப்பது. சொல்லிவிட்டுத் தன் வரைபடத்தின் மேல் குனிந்தார். நான் அன்று மாலை வரைக்கும் அவருக்கு எதிரே இருந்து வேலை செய்தேன். இரண்டு பேரும் ஒரே நாளைத்தான் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தோம். நோன்பு திறக்க அவர் தன் அறைக்குப் போனார், நான் என் மனைவி வீட்டுக்குப் போனேன்.

ஊர் அவரை விடவில்லை. பெருநாள் பிழைத்துப்போனது எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரியும். அவர் அதை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. ஆனாலும் அவரைக் காணும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது. கிணற்றடிக் கதை திரும்பக் கிளம்பியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு எதிராக ஒரு பெட்டிசம் எழுதி, எங்கள் கந்தோருக்குப் பொறுப்பான இஞ்சினியருக்கு அனுப்பினார்கள். வெளியூர் ஓவசியர் தூரக்கண்ணாடி வைத்துப் பெண்களைப் பார்க்கிறார், ஊரில் குழப்பம் வரும் என்று எழுதியிருந்தது. முதல் கையெழுத்து மாமாவுடையது. தபாலைப் பிரித்துப் பதிகிற வேலை என்னுடையது. நான்தான் அதைப் பிரித்தேன்.

இஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், அளந்துதான் கதைப்பார்.

"நீர் அவரோட திரியிறனீர். உண்மையில என்ன பாக்கிறவர்?"

"பறவைதான் பாக்கிறவர், ஐயா. நான் பக்கத்தில இருந்து கண்டிருக்கன். வேற ஒண்டும் இல்ல."

"இதில முதல் கையெழுத்துப் போட்டவர் உம்மட மாமன் எல்லோ?"

"ஓம் ஐயா. அவர் காணாததை எழுதியிருக்கார்."

இஞ்சினியர் என்னை நம்பினார். பெட்டிசத்தில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார். ஆனால் ஊரும் ஓவசியரும் ஒரே இடத்தில் இனி இருக்க ஏலாது என்று, பொலன்னறுவைப் பக்கம் ஒரு குள வேலைக்கு அவரை மாற்றிவிட்டார். அந்த மாற்றக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சடித்தேன்.

அவர் போன பிறகு நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கதீபின் வீட்டுக்குப் போய், பிறை காணாமல் கண்டேன் என்று சொன்னதை ஒத்துக்கொண்டேன். அவர் தாடியைத் தடவினார். பிறகு, இதைச் சொல்ல வந்ததற்கு அல்லாஹ் கூலி தருவான், ஊர் தராது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாவுக்குப் பிறகு, ஆள் பெயர் சொல்லாமல், ஊரார் எல்லாரும் ஒரு களா நோன்பு பிடிக்க வேண்டும் என்று அறிவித்தார். பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. மாமா பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு வருடமும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. என் மூத்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் பிள்ளையிடம் சொல்வார். எந்தப் பஞ்சாயத்திலும், காணி எல்லைப் பிரச்சினையிலும், கலியாணத்திலும் என்னைச் சாட்சியாக யாரும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

கதீபிடம் போகும் துணிவு எனக்குத் தானாக வரவில்லை. அதைத் தந்தது ஓவசியர் பஸ் ஏறிய காலை.

கல்முனையில் முதல் பஸ் விடிந்தவுடன் வெளிக்கிடும். வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன். தையற்கடைக்காரர் வாசல் வரை வந்து கை கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். தகரப் பெட்டியைக் கூரையில் ஏற்றியாகிவிட்டது. கொப்பியும் துணிப்பையும் அவருடைய மடியில் இருந்தன. பஸ்ஸடியில் ஒரு பலகையில் இருந்தோம். மின்கம்பிகள் இல்லாத காலம்; கடைக்கூரைகளில் காகங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினியரிடம் நான் அவருக்காகக் கதைத்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "கண்டதைத்தானே சொன்னீங்க" என்றார். அதில் நன்றியும் இல்லை, குறையும் இல்லை.

சாரதி ஏறி இருந்து இயந்திரத்தை உயிர்ப்பித்தான். இனி நேரம் இல்லை என்று தெரிந்தது.

"அண்டைக்கு நான் பிறை காணல்ல, ஓவசியர்."

அவர் என் பக்கம் திரும்பினார். இடது கன்னத்தில் அந்த மடிப்பு விழுந்தது.

"தெரியும்" என்றார். "உங்கட மாமா கையை நீட்டின நேரம், நீங்க பாக்கட்டும் எண்டு கண்ணாடியைத் தரத்தான் திரும்பினன். ஊரே மேற்கால பாத்துக்கொண்டு நிண்டது. நீங்க மட்டும் வானத்தைப் பாக்கல்ல, கிளாக்கர். உங்கட மாமாட முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டீங்க."

பிறகு ஸலாம் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.